படிச்ச பிள்ளை எங்கே வேலைக்குப் போறது?

(மேல் டிவிசன் சனசமூக நிலையத்தில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை. பேசியபடியே, சிறு திருத்தங்களுடன் தருகிறோம்.)

வழக்கமாக என்னைப் பேசக் கூப்பிட்டால் மலசலகூடம், தடுப்பூசி, குடிதண்ணீர், இல்லையென்றால் குடி. இந்த நாலில் ஒன்றுதான். இன்றைக்கு வேறே விஷயம் பேசப் போகிறேன். நான் படித்தது சாதாரண தரம் வரைக்கும்தான். அதனால் பெரிய படிப்பைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் நியாயம்தான். ஆனால் இந்த விஷயத்தில் நான் ஒரு பிழை விட்டிருக்கிறேன். அதைச் சபையிலேயே சொல்லித் திருத்த வேண்டியிருக்கிறது.

நம்ம தொங்கல் லயத்துப் பிள்ளை கொழும்பில் படித்து முடித்து வந்திருப்பது எல்லோருக்கும் தெரியும். கோயில் திருவிழாவில் மாலையெல்லாம் போட்டோம். நியமனத்துக்கு முன்னால் எந்த ஊர் வைத்தியசாலை வேண்டும் என்று அந்தப் பிள்ளை விருப்பம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு வாரமாக பீலிக்கரையிலும் பிரட்டுக்களத்திலும் இதே பேச்சு. தாய் சொல்கிறா, பக்கத்திலேயே வந்துரணும். தாய்மாமன் சொல்கிறார், கொழும்பில் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனால் சம்பளம் கூட. அண்ணன்காரன் வெளிநாடு என்கிறான். நான் என்ன செய்தேன்? பெரிய மனுஷன் மாதிரி, "நீ நம்ம சனத்துக்குத்தான் வரணும், நம்ம பக்கத்து ஆஸ்பத்திரியைத்தான் முதலாவதா எழுதணும், இல்லாட்டி இந்தத் தோட்டம் உன்னை மன்னிக்காது" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டேன். அந்தப் பிள்ளை ஒன்றும் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டது. அடுத்த நாள் ஆபீசுக்கு வந்து எனக்கு ஒரு பதில் சொன்னது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில், அந்தப் பிள்ளை என்ன படித்தது என்பதே நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது. தொழில்வழிச் சிகிச்சை. ஆஸ்பத்திரியில் ஓ.டி. என்பார்கள். "தொழில்" என்று பெயரில் இருப்பதால் போன மாதம் ஒரு அண்ணன் என் கையைப் பிடித்து, "ஐயா, அந்தப் பிள்ளைகிட்ட சொல்லி என் மகனுக்கு ஒரு தொழில் எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க" என்று கேட்டார். அது தொழில் எடுத்துக் கொடுக்கிற படிப்பு இல்லை அண்ணே.

ஒரு மனுஷன் காலையில் எழும்பினதிலிருந்து படுக்கிற வரைக்கும் செய்கிறதெல்லாம் அவர்கள் கணக்கில் "தொழில்"தான். பல் விளக்குகிறது, சட்டை பட்டன் போடுகிறது, தேத்தண்ணி ஊற்றுகிறது, ரொட்டி தட்டுகிறது, பிள்ளைக்குத் தலை பின்னுகிறது, மலைக்குப் போகிறது, சாமி கும்பிடுகிறது. வருத்தத்தாலோ விபத்தாலோ பிறவியிலேயோ இதில் ஒன்று செய்ய முடியாமல் போனால், அதைத் திரும்பச் செய்ய வைப்பது, இல்லையென்றால் வேறு விதமாகச் செய்யப் பழக்குவது அவர்கள் வேலை. கால் நடை பழக்குகிற பிசியோதெரபி வேறு, இது வேறு. இரண்டும் பக்கத்துப் பக்கத்து அறையில் நடப்பதால் நமக்குக் குழப்பம். முழங்கால் மடங்குதா என்று பார்ப்பது பிசியோதெரபி. மடங்கின முழங்காலோடு இந்த அம்மா நம்ம கக்கூசில் உட்கார்ந்து எழும்புவாளா என்று பார்ப்பது ஓ.டி. இது நானாகச் சொல்கிற விளக்கம், படித்தவர்கள் இன்னும் நன்றாகச் சொல்வார்கள்.

இந்தத் துறை 1917இல் அமெரிக்காவில் நியூயோர்க் மாநிலத்து ஒரு சிறிய ஊரில் சங்கமாகக் கூடித் தொடங்கினது. தொடங்கினவர்களில் ஒருவர் ஜோர்ஜ் பார்ட்டன் என்ற கட்டிடக் கலைஞர். அவருக்கே இடப்பக்கம் செயலற்றுப் போயிருந்தது. தோட்டவேலையும் தச்சுவேலையும் செய்துதான் தன்னைத் தேற்றிக்கொண்டார். முதலாம் உலக யுத்தத்தில் கை கால் போன சிப்பாய்கள் வரிசையாக வந்தபோது இந்த வேலைக்கு மதிப்பு ஏறியது. 1952இல் உலக சம்மேளனம் அமைத்தார்கள். இப்போது ஒவ்வொரு வருடமும் ஒக்டோபர் 27ஆம் திகதி அவர்களுடைய தினம்.

நம் நாட்டில் கொழும்பு தேசிய வைத்தியசாலையோடு சேர்ந்த பாடசாலையில் சுகாதார அமைச்சு இதற்கு டிப்ளோமா படிப்பிக்கிறது. ராகமையில் இருக்கிற களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் பட்டப்படிப்பாகவும் இருக்கிறது. உயர்தரத்தில் உயிரியல் விஞ்ஞானப் பிரிவு வேண்டும். இங்கே பயோ படிக்கிற பிள்ளைகள் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். டொக்டர் இல்லையென்றால் ஒன்றுமில்லை என்று நினைக்காதீர்கள். அதைச் சொல்லத்தான் உங்களை முன்வரிசையில் உட்கார வைத்தேன்.

இனி எங்கே வேலைக்குப் போவது என்ற விஷயம். படிப்பு ஒன்றுதான், ஆனால் போகிற இடத்தைப் பொறுத்து வேலை ஆளுக்கு ஆள் மாறிவிடும்.

பெரிய ஆஸ்பத்திரியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கை அடிபட்டவர்கள், தீக்காயம், பக்கவாதம், தலையில் அடி என்று புதிதாக வருகிற ஆட்கள். ஆள் ஒரு வாரமோ இரண்டு வாரமோதான் வாட்டில் இருப்பார். வேகமாக வேலை நடக்க வேண்டும்.

இதை எனக்குப் புரிய வைத்தது எங்கப்பாவின் கை. நான் பிறந்தது இந்தத் தோட்டம் இல்லை, வேறு தோட்டம். 1993இல் எனக்குப் பதின்மூன்று வயது. அப்பா ஸ்டோரில் தேயிலை உருட்டுகிற மெஷினில் வேலை. இரவு வேலை, தூக்கக் கலக்கம், மூடி இல்லாத மெஷின். வலது கை உள்ளே போய்விட்டது. ஆஸ்பத்திரியில் டொக்டர்மார் நல்லபடியாகத் தைத்தார்கள், விரல் ஒன்றும் போகவில்லை. கட்டுப் போட்டு அனுப்பினார்கள். கட்டுப் பிரித்த பிறகு கையை என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. வலிக்கிறது என்று அவர் கையை நெஞ்சோடு மடக்கி வைத்துக்கொண்டே இருந்தார். ஆத்தா மஞ்சள் பற்றுப் போட்டு துணியில் சுற்றி, "ஆடாம வச்சிருந்தாத்தான் ஆறும்" என்றா. ஆறியது. ஆனால் நாலு விரலும் உள்ளங்கைக்குள் சுருண்டு அப்படியே நின்றுவிட்டது. ஸ்டோரில் எடுக்கவில்லை, காவல் வேலை கொடுத்தார்கள். நான் சாதாரண தரத்தோடு நின்றதற்குக் காரணம் அதுதான்.

அடுத்த காட்சி 2013. இந்தத் தோட்டத்தில் பக்கவாதம் வந்த ஒரு அக்காவைக் கண்டிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஓ.டி. அறைக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்திருக்கும்போது உள்ளே ஒரு பெடியன். மர ஆலையில் கை வெட்டுப்பட்டவன். அந்த மிஸ் ஒரு பிளாஸ்டிக் தகட்டைச் சுடுதண்ணியில் போட்டா. அது தோசை மாதிரி இளகியது. எடுத்து அவன் கையில் வைத்து வளைத்துப் பிடித்தா. ஐந்து நிமிடத்தில் இறுகி, கைக்கு அச்சு வார்த்த மாதிரி ஆகிவிட்டது. ஸ்பிளிண்ட் என்கிறார்கள். தைத்த நாண், நம்ம ஆட்கள் நரம்பு என்று சொல்வது, அறுந்து போகாமலும், அதே நேரம் ஒட்டிக்கொண்டு இறுகிப் போகாமலும் இருக்க வேண்டும். அதனால் தகட்டுக்குள்ளேயே இவ்வளவு மடக்கு, இவ்வளவு விடு என்று கணக்காகப் பயிற்சி. ஏறக்குறைய ஆறு வாரம் பாதுகாப்பு, பாரம் தூக்கப் பன்னிரண்டு வாரம் போக வேண்டும் என்று மிஸ் அவனுக்குச் சொன்னா. அவன் விரலை மெதுவாக விரித்தான். நான் வெளியே எழும்பிப் போய்விட்டேன்.

சரி, அது கிடக்கட்டும்.

இன்னொரு இடம் புனர்வாழ்வு வைத்தியசாலை. ராகமையில் இருக்கிறது, கண்டிக்குப் பக்கத்தில் திகனயில் இருக்கிறது. அங்கே நோயாளி மாதக்கணக்கில் இருப்பார். முள்ளந்தண்டு அடிபட்டவர், கால் எடுத்தவர். பொறுமை உள்ள ஆளுக்கு அது நல்ல இடம். காலையில் படுக்கையிலிருந்து கதிரைக்கு மாறப் பழக்க மட்டும் மூன்று வாரம் எடுக்கும். வேகமாகப் பலன் காண ஆசைப்படுகிறவர்கள் அங்கே சலித்துப் போவார்கள் என்று நம்ம பிள்ளையே சொன்னது.

சிறு பிள்ளைகளோடு வேலை செய்ய விருப்பம் என்றால் கொழும்பில் லேடி ரிஜ்வே, பேராதனையில் சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலை. மூளை வாதம் உள்ள பிள்ளை, பேச்சும் பார்வையும் ஒட்டாத ஓட்டிசம் பிள்ளை, கை எழுதப் பிடிக்காத பிள்ளை. விளையாட்டுத்தான் அங்கே மருந்து. பிள்ளைக்காம்பராவில் இருக்கிற ஆயம்மாமார் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. ஒன்பது மாதத்திலும் பிடிமானம் இல்லாமல் உட்காராத பிள்ளை, எப்பவும் ஒரே கையை மட்டும் நீட்டுகிற கைக்குழந்தை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, இவர்களை "தாய்மாமன் மாதிரி மந்தம், பிறகு சரியாயிரும்" என்று விடாதீர்கள். குடும்பநல மிஸ்ஸிடம் காட்டுங்கள். சின்ன வயதில் தொடங்கினால்தான் கூடப் பலன்.

மனநலப் பகுதி இன்னொன்று. அங்கொடை என்றால் நமக்கு அது ஏச்சுவார்த்தை. சண்டை வந்தால் "உன்னை அங்கொடைக்குத்தான் அனுப்பணும்" என்கிறோம். அங்கே இருக்கிற தேசிய மனநல நிறுவனத்தில் ஓ.டி.க்கு நிறைய வேலை உண்டு. மாத்திரை கொடுத்து சத்தம் அடங்கின பிறகு, அந்த ஆள் திரும்பக் குளித்து, சமைத்து, கடைக்குப் போய் மிச்சக் காசு எண்ணி வாங்கி வருகிற அளவுக்கு வர வேண்டும். அதை யார் பழக்குவது? மாவட்ட வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவிலும் இது தேவை. பெண்பிள்ளையை அங்கே அனுப்ப மாட்டோம் என்று பெற்றோர் சொல்வார்கள். நம்ம பிள்ளை பயிற்சிக் காலத்தில் அங்கே இருந்துவிட்டு வந்து, "மாமா, வெளியில பஸ்ல வர்றதுக்குத்தான் பயம், உள்ளே ஒரு பயமும் இல்ல" என்றது.

தனியார் ஆஸ்பத்திரியும் கொழும்பில் இருக்கிற சிறுவர் நிலையங்களும் சம்பளம் கூடக் கொடுக்கும். காசு தேவைப்படுகிற குடும்பத்தைப் பார்த்து அதைப் பிழை என்று நான் சொல்ல மாட்டேன். வெளிநாடும் அப்படித்தான். ஆனால் ஒவ்வொரு நாட்டிலும் பதிவு, ஆங்கிலப் பரீட்சை என்று படி ஏற வேண்டும். அரசாங்கச் செலவில் படித்தவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள், அதையும் வாசித்துவிட்டுப் பேச வேண்டும். தம்பிமார் தங்கச்சிமார், கையெழுத்துப் போடுகிற அன்றைக்கே அந்தத் தாளை முழுக்க வாசியுங்கள். நம்ம ஆட்கள் எங்கே புள்ளடி காட்டினாலும் கையெழுத்துப் போடுகிற ஆட்கள்.

கடைசியாக, ஆஸ்பத்திரிக்கு வெளியே. வீட்டுக்கும் பாடசாலைக்கும் வேலைத்தலத்துக்கும் போய்ச் செய்கிற வேலை. நான் வாயடைத்துப் போன இடம் இதுதான். எல்லாத் தோட்டத்திலும் இதற்குத்தான் தேவை கூட, ஆட்கள் குறைவும் இங்கேதான்.

ஒரு உதாரணம். கீழ் டிவிசனில் கவ்வாத்து மலையில் சறுக்கி விழுந்து இடுப்புக்குக் கீழே விளங்காமல் போன தம்பிக்கு சக்கர நாற்காலி வந்தது. நாம் எல்லோரும் கைதட்டிப் படம் பிடித்தோம். இந்தச் சஞ்சிகையிலும் அந்தப் படம் வந்தது. அந்த நாற்காலி இப்போது எங்கே? இஸ்தோப்பில் கோழி அடைகிறது. ஏன்? லயத்து வாசலில் மூன்று படி. ஒரு படி ஆறு அங்குலம் என்றால் மூன்று படிக்கு ஒன்றரை அடி உயரம். சாய்வுப் பாதை போட்டால் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது கணக்கு. அப்படியென்றால் பதினெட்டு அடி. நம்ம வாசலுக்கும் கானுக்கும் நடுவில் இருப்பதே ஆறு அடி! அதற்கு மேல் கதவு அகலம் போதாது. கக்கூஸ் இருப்பது இருபது படி கீழே. நாற்காலி எழுதிக் கொடுத்தவர் மேல் குற்றமில்லை, அவர் லயத்தைக் கண்டதில்லை. கண்டிருந்தால் முதலில் காம்பராவுக்குள்ளேயே வைக்கிற கக்கூஸ் கதிரை, கட்டிலுக்குப் பக்கத்தில் பிடிகம்பி, பாதையைக் கானுக்கு இணையாகத் திருப்பிப் போடுகிற வழி, இதையெல்லாம் யோசித்திருப்பார். அந்தத் தம்பிக்கு இருபத்தாறு வயது. கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறான். அவன் தாய் இங்கேதான் இருக்கிறா. அக்கா, உங்களைக் கேட்டுவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

வேலைத்தலத்தையும் சொல்ல வேண்டும். கூடைக் கயிறு நெற்றியில் இழுக்க, கழுத்து குனிந்து, இரண்டு கையும் நாள் முழுக்க ஓடுகிற வேலை நம்ம வேலை. விரல் மரத்துப் போய் ராத்திரியில் கையை உதறிக்கொண்டு எழும்புகிற அக்காமார் எத்தனை பேர்? கையைத் தூக்குங்கள் என்றால் பாதிச் சபை தூக்கும். அது வயசுக் கோளாறு என்று விடுகிற விஷயம் இல்லை, மணிக்கட்டில் நரம்பு நெருக்குப்படுவதாக இருக்கலாம். சீக்கிரமே காட்டினால் இரவில் போடுகிற ஒரு ஸ்பிளிண்டிலேயே குறைய இடமுண்டு. வேலையில் அடிபட்டால் நட்டஈடு பெற 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. ஊனமுற்றோர் உரிமையைப் பாதுகாக்க 1996இன் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. சட்டம் இருக்கிறது, கை எவ்வளவு வேலை செய்யும், என்ன இலேசான வேலை கொடுக்கலாம் என்று அளந்து சொல்லத்தான் ஆள் வேண்டும். அந்த ஆள் எங்கப்பாவுக்குக் கிடைக்கவில்லை.

இவ்வளவும் தெரிந்த நான், "இங்கேதான் வரணும்" என்று அந்தப் பிள்ளையிடம் சொன்னதில் என்ன பிழை? அது ஆபீசுக்கு வந்து சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"மாமா, நீங்க சொல்ற ஆஸ்பத்திரியில இன்னும் ஓ.டி. யாருமே இல்ல. நான் முதல் ஆளாப் போனா எனக்கு அறை இருக்காது, தகடு சூடாக்குற சட்டி இருக்காது. அதைக்கூடச் சமாளிப்பேன். ஆனா ஒரு கையைப் பார்த்து எனக்குச் சந்தேகம் வந்தா நான் யாரைக் கேக்குறது? பிழையாக் கட்டிட்டா அந்தக் கை போயிரும். பரீட்சை பாஸ் பண்ணினதும் எல்லாம் தெரிஞ்சதா அர்த்தமா? நீங்க கங்காணியாக்குறதுக்கு முன்ன எத்தன வருஷம் மலையில விடுறீங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. எங்கப்பாவின் கையை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் பேசின நான், தெரியாத கை ஒன்று இன்னொரு கையைக் கெடுக்கலாம் என்று யோசிக்கவே இல்லை. நம்ம பிள்ளை என்ற பெருமை கண்ணை மறைத்துவிட்டது.

அது எழுதியிருக்கிற ஒழுங்கு இதுதான். முதலாவது கண்டி, இரண்டாவது பேராதனை, மூன்றாவது ராகம. கண்டியில் மூத்தவர்கள் இருக்கிறார்கள், கை, பக்கவாதம், பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் மாறி மாறிப் பார்க்கலாம். இரண்டு மூன்று வருடம் கழித்து மாற்றம் கேட்டு இந்தப் பக்கம் வருவதாகச் சொல்கிறது. வருமா வராதா என்று எனக்குத் தெரியாது. கலியாணம் ஆகலாம், மனம் மாறலாம். அதைச் சத்தியம் வாங்கிக்கொள்ள நமக்கு உரிமை இல்லை. அந்தப் பிள்ளை படிக்கிற காலத்தில் தாய் தோட்டை அடகு வைத்தபோது இந்தச் சபையிலிருந்து யார் போய் மீட்டுக் கொடுத்தோம்? "நம்ம பிள்ளை" என்று சொல்வதற்கு முன்னால் அதையும் யோசிக்க வேண்டும்.

இன்னொன்றும் சொன்னது, அதுதான் என் மனதை முழுக்கத் திருப்பியது. கண்டிக்குப் போவது நம்மை விட்டுப் போவது இல்லை. நம்ம ஆட்கள் பெரிய வருத்தம் என்றால் எங்கே போகிறோம்? கண்டிக்கும் பேராதனைக்கும்தானே. காலை நாலரை மணி பஸ், வந்து சேர இரவு ஏழு, ஒரு பேர் போச்சு. உள்ளே மிஸ் சிங்களத்தில் கேட்கிறா, "வீட்டில் என்ன வேலை செய்வீர்கள்?" நம்ம அம்மாவுக்கு விளங்கவில்லை, "ஓ மிஸ்" என்று தலையாட்டுகிறா. மற்ற வைத்தியத்துக்கு எங்கே வலிக்கிறது என்று தொட்டுக் காட்டினாலும் போதும். ஓ.டி.க்கு அது போதாது. எப்படிக் கொழுந்து கிள்ளுகிறாய், கூடையை யார் தூக்கி விடுகிறது, பீலியில் எப்படிக் குனிகிறாய், விறகு எங்கேயிருந்து வருகிறது, எல்லாம் தெரிய வேண்டும். கேட்கிற ஆளுக்குப் படங்கு என்றால் என்ன என்று விளக்க வேண்டியிருந்தால் பாதி நேரம் அதிலேயே போய்விடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வா என்று சொன்னால் நம்ம ஆள் இரண்டாம் முறைக்கு மேல் போவதில்லை. லயத்தில் பிறந்த பிள்ளை அங்கே இருந்தால், "இவங்க திரும்ப வர மாட்டாங்க, இன்னைக்கே மகளுக்கும் சேர்த்துப் பழக்கி அனுப்பணும்" என்று தெரியும்.

அதனால் தாயார் அவர்களே, அக்கா, பின்னால் நிற்காதீர்கள், முன்னால் வாங்க. பிள்ளை கண்டிக்குப் போகட்டும். நான் அன்றைக்குச் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். சனிக்கிழமை பஸ் ஏறினால் மத்தியானச் சோற்றுக்கு வீட்டில் இருக்கும். தாய்மாமன் அண்ணே, உங்களோடு தனியாகப் பேசுகிறேன்.

முன்வரிசைப் பிள்ளைகள் மூன்று பேருக்கும் ஒரு வார்த்தை. எந்த வேலைக்குப் போனாலும் சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். அதோடு சேர்த்து, எனக்கு மேலே படிப்பித்துத் தர யார் இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். ஒரு நாளில் எத்தனை நோயாளி, தங்க இடம் உண்டா, இரவில் பஸ் உண்டா. பெண்பிள்ளைகள் கடைசியாகச் சொன்ன இரண்டையும் முதலாவதாகக் கேளுங்கள். முடிந்தால் போய் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். அழுகிற பிள்ளையோடு இருக்க உங்களுக்கு இஷ்டமா, பேசாத நோயாளியோடு இருக்க இஷ்டமா என்பது புத்தகத்தில் தெரியாது.

பக்கவாதம் வந்த ஆட்கள் உள்ள வீடுகளுக்கு நம்ம பிள்ளை சொல்லச் சொன்ன ஒரு விஷயம். படுக்கையிலிருந்து தூக்கும்போது விளங்காத கையைப் பிடித்து இழுக்காதீர்கள். தோள்மூட்டு நழுவிவிடும், பிறகு அந்த வலிக்கே பயந்து ஆள் கையை அசைக்க மாட்டார். முதுகுப் பக்கம் கை கொடுத்துத் தூக்குங்கள். உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கை தொங்கக் கூடாது, தலையணை வைத்துத் தாங்குங்கள். முதல் மூன்று மாதத்தில்தான் தேறுவது வேகம். சாமி பார்த்துவிட்டு, எண்ணெய் பூசிவிட்டு, பிறகு கிளினிக்குப் போகலாம் என்று அந்த மூன்று மாதத்தைக் கழிக்காதீர்கள். எண்ணெய் பூசுவது வேண்டாம் என்று சொல்லவில்லை, கிளினிக்குப் போய்விட்டு வந்து பூசுங்கள்.

நியமனம் வரும்வரை பிள்ளை இங்கேதான் இருக்கும். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பிள்ளைக்காம்பராவில் உட்காரச் சம்மதித்திருக்கிறது. கை கால் இயலாதவர்கள், பிள்ளை வளர்ச்சியில் சந்தேகம் உள்ளவர்கள் வாங்க. கிளினிக் கொப்பியைக் கொண்டு வாங்க. அது மருந்து கொடுக்காது, மாத்திரை கேட்காதீர்கள். பார்த்துவிட்டு எந்தக் கிளினிக்குப் போக வேண்டும், யாரைச் சந்திக்க வேண்டும் என்று சொல்லும். கீழ் டிவிசன் தம்பியின் வீட்டுக்கு மத்தியானம் நானும் அதுவும் அளவு நாடாவோடு போகிறோம்.

எங்கப்பாவும் ஞாயிற்றுக்கிழமை வருவார். முப்பது வருடத்துக்கு மேலாக இடது கையால்தான் சாப்பிடுகிறார், அந்தக் கூச்சத்தில் எந்தக் கலியாண வீட்டுப் பந்தியிலும் உட்கார்ந்ததில்லை. பிள்ளை போன கிழமை கையைப் பார்த்தது. இறுகின விரல் இனி நிமிராது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டது. ஆனால் கட்டைவிரலில் பலம் இருக்கிறதாம், கரண்டிக் காம்பைத் தடிப்பாக்கி வளைத்துக் கொடுத்தால் வலது கையாலேயே சாப்பிடலாம், பழக்கிப் பார்ப்போம் என்றது. அதற்குப் பழைய சைக்கிள் கைப்பிடி ரப்பர் ஒன்று கேட்டது. என்னிடம் இல்லை. யார் வீட்டிலாவது கிடந்தால் ஞாயிற்றுக்கிழமைக்கு முன் ஆபீசில் கொடுங்கள்.